சந்தேகத் தோமாவும் அடையாறு சாசரும்

தென்சென்னை வட்டாரத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட நாத்திகக் கட்டுரைகளிலேயே தலைசிறந்ததை எழுதியவர்கள் பாதிரிமார்கள். கிண்டல் இல்லை. வருடம் 1884, மாதம் செப்டம்பர். வெளியிட்டது மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் சொந்த இதழ். அற்புதம் என்று ஒன்று நடந்தால் அதை எப்படி விசாரிப்பது, சாட்சி சொல்ல வந்தவர் கண்ணால் கண்டது என்ன, கண்டதாக நினைத்துக்கொண்டது என்ன என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார்கள். ஒரே ஒரு குறை. அந்த விசாரணை அடையாற்றோடு நின்றுவிட்டது. பெத்லகேம் பக்கம் போகவே இல்லை.

அடையாறு கதைக்கு முன்னால் பரங்கிமலைக்கு ஒரு நடை போய்வர வேண்டும். ஏனென்றால் கிறிஸ்தவ வரலாற்றில் ஆதாரம் கேட்ட முதல் ஆள் நம்ம ஏரியாக்காரர்.

யோவான் எழுதிய சுவிசேஷம் 20ஆம் அதிகாரம். இயேசு உயிரோடு எழுந்து வந்தார், நாங்கள் பார்த்தோம் என்று மற்ற சீடர்கள் சொல்கிறார்கள். அன்றைக்கு அங்கே இல்லாத தோமா மட்டும் தலையாட்டவில்லை. ஆணி அடித்த காயத்தில் விரலை வைத்துப் பார்த்தால்தான் ஆச்சு என்கிறார். சொன்னவர்கள் வழிப்போக்கர்கள் அல்ல. கூடவே அலைந்து, கூடவே சாப்பிட்ட தோழர்கள். அவர்கள் நேரில் வந்து சொல்லியே தோமா நம்பவில்லை. நம்மிடமோ அந்தத் தோழர்களும் இல்லை. அவர்கள் சொன்னதாகப் பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஏடுகள்தான் இருக்கின்றன. அதை வைத்து நம்பு என்கிறார்கள். தோமா கேட்டதில் பாதியைக் கேட்டால்கூட ‘இருதயம் கடினப்பட்டவன்’ என்று பட்டம் கிடைக்கிறது. தோமாவுக்குக் கிடைத்ததோ ஒரு மலை, ஒரு ரயில் நிலையம், சாந்தோமில் ஒரு பேராலயம்.

அவர் கி.பி. 52இல் கேரளக் கரையில் இறங்கி, சின்னமலைக் குகையில் ஒளிந்து, 72இல் இந்தப் பரங்கிமலையில் ஈட்டி குத்துப்பட்டு இறந்தார் என்பது மரபு. மரபை விட்டுவிடுவோம். 1547இல் போர்ச்சுகீசியர்கள் மலையுச்சியில் கோயில் கட்டத் தோண்டினார்கள். கல்லில் செதுக்கிய சிலுவை ஒன்று கிடைத்தது. தோமா மலையில் சிலுவை கிடைத்தால் செதுக்கியவர் யாராக இருக்க முடியும்? தோமாவேதான் என்று முடிவாயிற்று. சிலுவையைச் சுற்றி ஓடும் எழுத்துகள் பாரசீகத்துப் பஹ்லவி என்பதும், காலம் 7 அல்லது 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பதும் பிறகு அறிஞர்கள் சொன்னது. கலிலேயாவிலிருந்து வந்த மீனவத் தோழர், தான் செத்து அறுநூறு வருடம் கழித்துப் பாரசீக மொழியில் கல்வெட்டினார் என்றால் அதுதான் பெரிய அற்புதம். அதோடு விடவில்லை. 1558 டிசம்பர் 18ஆம் தேதி பூசை நடக்கும்போது சிலுவையில் ரத்தமாக வியர்த்தது என்கிறார்கள். 1704 வரை அவ்வப்போது வியர்த்து, பிறகு நின்றுவிட்டது. பரங்கிமலை வெயிலில் வியர்க்காமல் முந்நூறு வருடமாக ஒருவர் நிற்பதைத்தான் உண்மையில் அற்புதம் என்று பதிவு செய்திருக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், சி. எஸ். லூயிஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1942 வாக்கில் பிபிசி வானொலியில் ஒரு வாதம் வைத்தார். இன்றைக்கும் சுவிசேஷக் கூட்டங்களில் அதுதான் பிரம்மாஸ்திரம். தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொண்டவர் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், அல்லது அயோக்கியராக இருக்க வேண்டும், அல்லது கடவுளாகவே இருக்க வேண்டும். நல்ல போதகர் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் நான்காவதாக ஒரு வழி இருக்கிறது: சொன்னவர் ஒன்று சொல்ல, கேட்டவர்கள் கதையை வளர்த்திருக்கலாம். இதில் யாரும் பைத்தியம் இல்லை, யாரும் அயோக்கியர் இல்லை. பரங்கிமலையில் பொய் சொன்னது யார்? கொத்தனாரா, கப்பல்காரரா, பூசை வைத்த குருவா? ஒருவருமில்லை. சிலுவை நிஜம், பக்தி நிஜம். நடுவில் கதை மட்டும் தானாகக் கிளை விட்டிருக்கிறது. லூயிஸ் பல்லாவரம் தாண்டி வந்திருந்தால் நேரில் பார்த்திருப்பார்.

மிஷனரிகள் இங்கே வாதம் பண்ண வந்தபோது ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. இது வாதம் பண்ணியே வயிறு வளர்த்த நாடு. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் ‘உன் சரக்கு என்ன?’ என்று கேட்பதற்கே ஒரு முழுக் காதை இருக்கிறது. அதில் நம் ஆளான பூதவாதியும் உண்டு. கண்ணால் காண்பது தவிர வேறெதையும் ஒப்ப மாட்டேன் என்கிறார். அப்படியானால் உன் அப்பா அம்மா யார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படித் தெரிந்துகொண்டாய் என்று மணிமேகலை ஒரு போடு போடுகிறாள். நாத்திகருக்கும் அடி விழுந்த ஊர் இது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

பிறகு 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் வருகிறார். சிவஞான சித்தியார் பரபக்கத்தில் மாற்றார் பதினான்கு பேரை வரிசையில் நிறுத்தி உதைக்கிறார். முதல் உதை லோகாயதனுக்கு. குடம் இருந்தால் குயவன் உண்டு, உலகம் இருந்தால் இறைவன் உண்டு என்பது சைவர்களுக்கு அரிச்சுவடி. 1802இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதிய கடிகார வாதம் இங்கே கப்பலேறி வந்தபோது தமிழர்கள் அசராமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். வெட்டவெளியில் கடிகாரம் ஒன்று கிடந்தால் அதைச் செய்தவர் இருக்க வேண்டுமே என்றார் பேலி. எங்கள் ஊரில் பானையே கிடக்கிறது, போய்யா என்றார்கள்.

சைவர் இன்னொரு சிக்கலையும் பிடித்து வைத்திருந்தார். குயவன் நிமித்த காரணம். மண் முதற்காரணம். தண்டமும் சக்கரமும் துணைக் காரணம். மூன்றும் இல்லாமல் குடம் வராது. ஆகவே இறைவனைப் போலவே மாயையும் அநாதி என்று கணக்கை முடித்துவிட்டார். மிஷனரியோ கடவுள் ஒன்றுமே இல்லாததிலிருந்து உலகைப் படைத்தார் என்கிறார். மண்ணே இல்லாமல் பானை செய்த குயவனை எந்தச் சேரியில், எந்த அக்கிரகாரத்தில் யார் பார்த்தார்கள்? உவமை எங்கே வசதியோ அங்கே மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு, இடிக்கும் இடத்தில் விட்டுவிடுவது ஆட்டத்தில் சேர்த்தி இல்லை.

தொடக்கம் உள்ளதற்கு எல்லாம் காரணம் உண்டு, பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு, ஆகவே காரணம் உண்டு என்று இப்போது புதுப் பெயின்ட் அடித்து வருகிறது அதே வாதம். சரி, முழுசாக ஒப்புக்கொள்வோம் என்றே வையுங்கள். காரணம் ஒன்று உண்டு. அந்த நாற்காலியில் யாரை உட்காரவைப்பது? அருணந்தி சிவனை ஏற்கெனவே உட்காரவைத்து எழுநூறு வருடம் ஆகிவிட்டது. பக்கத்தில் பெருமாளுக்கு டவல் போட்டு இடம் பிடித்திருக்கிறார்கள். பள்ளிவாசல்காரர்கள் இதே வாதத்தை மிஷனரிக்கு முன்னாலிருந்தே கையில் வைத்திருக்கிறார்கள். முதற்காரணத்திலிருந்து நாசரேத்துக்கு நேரடி வண்டி கிடையாது. அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்ட நாத்திகர் வரவேண்டியதில்லை. அடுத்த வீட்டு ஆத்திகரே போதும்.

கடவுள் இல்லாவிட்டால் ஒழுக்கம் ஏது என்ற கேள்விக்கும் இதே கதி. உலகைப் படைத்தவர் என்று யாரையும் ஏற்காத சமணர்கள் நாலடியார் பாடினார்கள். படைப்புக் கடவுளை ஒப்பாத பௌத்தர்கள் மணிமேகலை கையில் அமுதசுரபியைக் கொடுத்து ஊருக்குச் சோறு போடவைத்தார்கள். ஒழுக்கத்துக்குக் கடவுள் கட்டாயம் என்றால் தமிழில் பாதி நீதி இலக்கியம் திருட்டுச் சரக்காகிவிடும்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கும்போது கூட இருந்து உதவியவர் ஆறுமுக நாவலர். வேலை முடிந்து சில வருடங்களில், 1854இல், ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதினார். விக்கிரகம், தீபம், தூபம், தீட்டு, அபிஷேகம் எல்லாம் மூடத்தனம் என்கிறீர்களே, உங்கள் பழைய ஏற்பாட்டில் ஆசாரிப்புக் கூடாரம், பலிபீடம், தூபவர்க்கம், சுத்திகரிப்பு எல்லாம் வரிசையாக இருக்கிறதே என்று அதிகாரத்தோடு எடுத்து வைத்தார். பைபிளை அவ்வளவு ஊன்றிப் படித்த ஆளை எதிரியாக உருவாக்கிய பெருமை மிஷனுக்கே உரியது.

இப்போது அடையாறு. 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையகம் அங்கே. சபையை நிறுவியவர்களில் ஒருவரான மேடம் பிளாவட்ஸ்கியின் படுக்கையறையை ஒட்டி ஒரு அறை. அந்தச் சுவரில் தொங்கும் ஒரு மர அலமாரி. இமயமலைக்கு அப்பால் இருக்கும் மகாத்மா கூட் ஹூமி எழுதும் கடிதங்கள் அந்த அலமாரிக்குள் தபால் தலை ஒட்டாமல் வந்து சேரும். 1883இல் ஊட்டியிலிருந்து ஜெனரல் மார்கன் வந்தார். வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த எம்மா கூலோம் என்ற அம்மாள் அலமாரியைத் திறக்க, உள்ளே சாய்த்து வைத்திருந்த பீங்கான் சாசர் கீழே விழுந்து உடைந்தது. துண்டுகளை ஒரு துணியில் பொறுக்கி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சில நிமிடம் கழித்துத் திறந்தால் சாசர் முழுசாக இருக்கிறது. கூடவே மகாத்மாவின் கடிதமும்.

அடுத்த வருடம் பிளாவட்ஸ்கி ஐரோப்பாவில் இருக்கும்போது கூலோம் தம்பதியைச் சபையிலிருந்து வெளியேற்றினார்கள். வேலையை விட்டு அனுப்பப்பட்ட சமையற்கட்டு வாயைத் திறந்தால் எந்த ஆசிரமமும் தாங்காது. பிளாவட்ஸ்கி தனக்கு எழுதியவை என்று ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்துக்கொண்டு எம்மா அம்மாள் நேராகப் போனது கிறிஸ்தவக் கல்லூரிக்கு. அப்போது கல்லூரி தாம்பரத்தில் இல்லை, எஸ்பிளனேடில் இருந்தது. கடிதங்களை இதழில் போட்டு விளாசினார்கள். லண்டனிலிருந்து மாய நிகழ்வுகளை ஆராயும் சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞரை அனுப்பியது. அவர் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்து, கடை கடையாக ஏறி இறங்கி, அதே மாதிரி சாசர் ஜோடியாகச் சென்னைக் கடையில் வாங்கப்பட்டதைக் கண்டுபிடித்தார். அவர் அறிக்கையை வைத்து 1885இல் அந்தச் சங்கம் பிளாவட்ஸ்கியை வரலாற்றின் திறமையான மோசடிக்காரர்களில் ஒருவராக அறிவித்தது. கடிதங்கள் போலி என்று சபை மறுத்தது. நூறு வருடம் கழித்து, 1986இல், ஹாட்ஜ்சன் விசாரணையே ஓட்டை என்று வெர்னன் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர் எழுத, அதே லண்டன் சங்கத்தின் இதழே அதை வெளியிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1884 டிசம்பரில் பிளாவட்ஸ்கி சென்னைக்குத் திரும்பியபோது மாணவர்கள் திரண்டு வரவேற்பு மடல் வாசித்தார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்களே ஏராளம். வாத்தியார் அம்பலப்படுத்தினார், பையன்கள் மாலை போட்டார்கள்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அடையாற்றில் சாட்சிகள் உயிரோடு இருந்தார்கள். பெயர், விலாசம், பதவி எல்லாம் தெரியும். கடிதங்கள் கையில். சுவர் இருந்த இடத்தில். விசாரிக்கக் கடல் கடந்து ஆளும் வந்தார். அப்படியும் நூறு வருடம் கழித்து வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. காலிக் கல்லறைக்கு இதில் எது இருக்கிறது? உயிர்த்தெழுந்தவரை ஐந்நூறு பேருக்கு மேல் பார்த்தார்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். ஐந்நூறு பேர் பார்த்தார்கள் என்று ஒருவர் எழுதினால் கோர்ட்டில் அது ஒரு சாட்சி. ஐந்நூறு சாட்சி ஆகாது.

பொய் என்று தெரிந்த ஒன்றுக்காக யாராவது உயிரை விடுவார்களா என்பது அடுத்த வாதம். விட மாட்டார்கள்தான். அது அவர்களுடைய நேர்மைக்கு ஆதாரம். நடந்த சம்பவத்துக்கு அல்ல. ஜெனரல் மார்கன் அடையாற்றுக்காகத் துண்டுப்பிரசுரம் எழுதி வாதாடினார். அவர் நேர்மையை யாரும் சந்தேகிக்கவில்லை. சந்தேகம் சாசர் மேல்.

இதையெல்லாம் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஒரு கூட்டமும் அன்றைய சென்னையில் இருந்தது: சென்னை இலௌகிக சங்கம். லண்டனில் சார்லஸ் பிராட்லா 1866இல் தொடங்கிய தேசிய மதச்சார்பற்ற சங்கத்தைப் பார்த்துத் தொடங்கியது. 1882 முதல் 1888 வரை தமிழில் ‘தத்துவவிவேசினி’ என்ற வாரப் பத்திரிகை, ஆங்கிலத்தில் ‘தி திங்க்கர்’. பேராசிரியர் வீ. அரசு அவற்றைத் தேடி எடுத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்த பிறகுதான் பெரியாருக்கு முன்னாலேயே இப்படி ஒரு கும்பல் இருந்தது பலருக்கும் தெரியவந்தது. புராணம், சாதி, பால்ய விவாகம், பாதிரி பிரசங்கம் என்று யாரையும் பாக்கி வைக்கவில்லை.

அவர்களுக்குக் காலம் வைத்த ஆப்பு கொடுமையானது. பிராட்லாவின் வலதுகை அன்னி பெசன்ட். நாத்திகம் எழுதி, நாத்திகம் பேசி, நாத்திகத்துக்காகப் பெற்ற பிள்ளையையே நீதிமன்றத்தில் பறிகொடுத்தவர். 1889இல் அவர் போய்ச் சேர்ந்த இடம் பிளாவட்ஸ்கியின் சபை. 1907இல் அதற்கே தலைவராகி அடையாற்றில் அமர்ந்தார். ‘நானும் ஒரு காலத்தில் நாத்திகன்தான்’ என்று ஆரம்பிக்கும் சாட்சிகளைக் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மாள் நினைவுக்கு வருகிறார். நாத்திகர் மனம் மாறுவது ஒரு மதத்துக்கு நிரூபணம் என்றால், அன்னி பெசன்ட் அளவுக்குக் கனமான நாத்திகர் வேறு யார்? அவர் மாறியது கூட் ஹூமிக்கு நிரூபணம் ஆகிவிடும். கிறிஸ்தவக் கல்லூரி சம்மதிக்குமா?

கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. மறு வருடம் டிசம்பரில் அங்கே உலக மிஷனரி மாநாடு. முதலில் சீனாவில் ஹாங்சௌ நகரில் நடப்பதாக இருந்தது. ஜப்பான் படை புகுந்ததால் தாம்பரத்துக்கு அதிர்ஷ்டம். அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 470 பேருக்கு மேல் வந்தார்கள். நாத்திகர் யாருக்கும் அழைப்பு இல்லை. தேவையும் படவில்லை, அவர்களே அடித்துக்கொண்டார்கள். டச்சுக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் தடியான ஒரு புத்தகத்தோடு வந்து, வெளிப்பாடு கிறிஸ்துவில் மட்டுமே, மற்ற மதங்கள் மனித முயற்சி, அந்த வெளிப்பாட்டை வெளியில் நின்று அறிவால் அளக்க முடியாது என்றார். கல்லூரி முதல்வராக இருந்த ஆல்ஃபிரட் ஹாக் எதிர்த்து நின்றார். மற்ற மதத்தாரின் விசுவாசமும் விசுவாசம்தான் என்பது அவர் கட்சி. சென்னையின் செஞ்சையா, சக்கரை போன்ற இந்தியக் கிறிஸ்தவர்கள் தனிப் புத்தகமே போட்டு கிரேமரைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஹாக் அப்படிப் பேசியதற்குப் பின்னால் அனுபவம் உண்டு. வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று வகுப்பறையில் மிஷனரிகள் சொல்லச் சொல்ல, ரோஷப்பட்ட மாணவர் ஒருவர் 1908இல் அதற்கு மறுப்பாகவே எம்.ஏ. ஆய்வுரை எழுதினார். ஆசிரியர் ஹாக் பாராட்டினார். அந்த மாணவர் ராதாகிருஷ்ணன், பிற்காலக் குடியரசுத் தலைவர். கிறிஸ்துவை நிரூபிக்க நடத்திய வகுப்பு உலகத்துக்கு ஒரு வேதாந்தியைக் கொடுத்தது.

அறிவால் அளக்க முடியாது என்ற கிரேமரின் நிலையை நான் மதிக்கிறேன். அதில் தந்திரம் இல்லை. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் முதற்காரணம், கடிகாரம், ஐந்நூறு சாட்சி எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட வேண்டும். ஜெயித்தால் அறிவு, தோற்றால் அறிவுக்கு அப்பாற்பட்டது என்பது அழுகுணி ஆட்டம். நம்பிவிட்டால் நஷ்டமில்லை என்ற பாஸ்கலின் பந்தயமும் இதே ரகம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ரயில் ஜன்னல் வழியாகத் தெரியும் கோபுரம், மினார், சிலுவை எல்லாவற்றையும் எண்ணிவிட்டு எந்த கவுன்ட்டரில் பணம் கட்டுவது என்று அவர் சொல்லவில்லை. 1927இல் பிராட்லா சங்கத்தின் தென்லண்டன் கிளைக்கு பெர்ட்ரண்ட் ரஸல் பேசிய பேச்சில் இவற்றில் பலவற்றுக்குப் பதில் இருக்கிறது. அதைச் சுயமரியாதைக்காரர்கள் சுடச்சுடத் தமிழிலும் கொண்டுவந்தார்கள்.

இதைப் படித்துக் கைதட்டும் இந்து நண்பருக்கு ஒரு வார்த்தை: பிள்ளையார் பால் குடித்த 1995 செப்டம்பரையும் ஹாட்ஜ்சன் மாதிரி விசாரித்துவிட்டுக் கைதட்டுங்கள்.

நாத்திகத் தோழர்களுக்கும் ஒன்று உண்டு. வாதத்தில் நாம் ஜெயித்ததாகவே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் எந்தக் கிராமமும் முதற்காரண வாதத்தைக் கேட்டுக் கிறிஸ்தவமாகவில்லை. தோளில் துணி போட உரிமை இல்லாதவர்களுக்கு 1859இல் திருவிதாங்கூரில் அந்த உரிமை கிடைக்க மிஷனரிகள் கூட நின்றார்கள். பள்ளிக்கூட வாசலை மற்றவர்கள் அடைத்தபோது அவர்கள் திறந்தார்கள். ஊசி போட்டார்கள், பெயருக்குப் பின்னால் சாதியைக் கேட்காமல் கூப்பிட்டார்கள். பல இடங்களில் கேட்கவும் செய்தார்கள், அது வேறு கதை. சிவஞான சித்தியாரை வைத்தோ ரஸலை வைத்தோ இதற்கு மறுப்பு எழுத முடியாது. ஒரே மறுப்பு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் நடத்துவதுதான். அதை நடத்துங்கள், கடவுள் விவகாரம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.